பணிப்பேரேட்டின் களஞ்சியம்

பலர் கூடி ஒரு காரியத்தைச் செய்யப் புகுங்கால், அது செவ்வனே முடிதற்கு அவர்தம் திறமை மட்டும் போதாது. யார் எதனை ஏற்றுக்கொண்டார், எந்நாளில் முடிப்பதாகச் சொன்னார், இடையில் நேர்ந்த தடை யாது, அதனை நீக்கியவர் யாவர் என்னும் இவையெல்லாம் எழுத்தில் நிற்றல் வேண்டும். வீடு கட்டுவோர்க்கு எழும்பி நிற்கும் சுவரே நடந்த வேலையின் அளவைக் காட்டிவிடும். மென்பொருள் இயற்றுவோர்க்கு அத்தகைய சுவர் இல்லை. ஒரு மாத காலம் உழைத்த பின்னும் கண்ணாற் காணத்தக்கது அதிகம் இராது. கண்டுபிடித்த குற்றங்களும், செய்த திருத்தங்களும், எஞ்சிய வேலைகளும் எழுதி வையாவிடின், அவற்றை அறிந்தவர் நினைவோடு ஒழிந்துபோம். ஆதலின் மென்பொருள் இயற்றும் கூட்டத்தார் பணிப்பேரேடு ஒன்று வைத்துக்கொள்ளுதல் எங்கும் வழக்கமாயிற்று.

இப்பேரேடு இக்காலத்தில் காகிதத்தில் எழுதப்படுவதன்று. அதுவும் ஒரு மென்பொருளே. நம் கலாசாலையின் கணினித்துறை மாணவர் இறுதியாண்டிற் குழுக்களாகப் பிரிந்து செய்யும் திட்டப்பணிகளின் நிமித்தம், யாமும் அத்தகைய கருவி ஒன்றை எங்கள் சோதனைச்சாலையில் அமைத்தோம். அதனை உபயோகிக்கும் முறையை மாணவர் ஒரே பிற்பகலிற் கற்றுக்கொண்டனர். ஆனால் அதில் எழுதுவதெல்லாம் எங்கே போய்த் தங்குகின்றது, அவ்விடத்தை எங்ஙனம் அமைத்தல் வேண்டும், அமைத்ததை எங்ஙனம் காத்தல் வேண்டும் என்னும் விஷயங்களை யாம் முற்றக் கற்றதோ ஓர் இழப்புக்குப் பின்னரே. அத்தகைய இழப்பு பிறர்க்கு நேராதிருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

யாம் தேர்ந்துகொண்ட கருவியின் பெயர் ரெட்மைன் என்பது. இது ழான் பிலிப் லாங் என்பவரால் 2006-ஆம் ஆண்டில் முதன்முதல் வெளியிடப்பெற்றது. ரூபி என்னும் கணினிமொழியில், ரெயில்ஸ் என்னும் சட்டகத்தைக்கொண்டு இயற்றப்பட்டது. குனூ பொது உரிமத்தின்கீழ் வெளிவருவதாகலின் இதனை விலையின்றிப் பெறலாம்; இதன் மூலநிரலைப் படித்துப் பார்க்கலாம்; வேண்டுமாயின் மாற்றியும் கொள்ளலாம். கலாசாலைகளின் கைப்பொருளுக்கு இஃது ஏற்றதென்பது சொல்லாமலே விளங்கும். இதில் ஒவ்வொரு வேலையும் ஒரு பணிச்சீட்டாக எழுதப்படுகின்றது. சீட்டுக்கு ஓர் எண் உண்டு. தலைப்பும் விவரமும் உண்டு. ஏற்றவர் பெயர், முடிக்கவேண்டிய நாள், முடிந்த அளவு ஆகிய இவையும் உண்டு. வரைபடம், சோதனைக் குறிப்பு, அறிக்கை முதலிய கோப்புக்களைச் சீட்டுடன் இணைத்து வைக்கவும் வசதி உண்டு.

இனி, இக்கருவி தான் பெற்றவற்றை எங்கே வைக்கின்றது என்று பார்ப்போம். நம் நூல்நிலையத்தை ஒருகணம் நினைவுகூர்க. அங்கே நூற்பெயர்களும் எண்களும் எழுதிய அட்டைகள் அடங்கிய பெட்டி ஒன்றுண்டு. நூல்கள் அடுக்கிய அலமாரிகள் உண்டு. நூல்நிலையத்தாரின் கையில் சாவிக்கொத்து உண்டு. ரெட்மைனின் களஞ்சியமும் இங்ஙனமே மூன்று பகுதியாக அமைந்துள்ளது. சீட்டுக்களின் விவரமெல்லாம் தரவுத்தளம் என்னும் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. இணைத்த கோப்புக்கள் சர்வரின் வட்டில் ஒரு கோப்புறையாகிய அலமாரியில் இருக்கின்றன. தரவுத்தளத்தைத் திறக்கும் கடவுச்சொல் முதலியன அமைப்புக் கோப்புக்களாகிய சாவிக்கொத்தில் இருக்கின்றன. உபயோகிப்பவர் கண்ணுக்கு இவையெல்லாம் திரையில் ஒரே பக்கமாகத் தோன்றும்; உண்மையில் அவை வெவ்வேறிடத்தில் உள்ளவை. இவ்வொருமைத் தோற்றமே எங்களை ஏமாற்றியது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதற்கண் தரவுத்தளத்தை ஆராய்வோம். ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையே இத்தகைய தரவுத்தளங்களுக்கு அடிப்படையாயிற்று. செய்திகளையெல்லாம் அட்டவணைகளாக அமைத்தல் வேண்டும் என்பதும், ஓர் அட்டவணைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பை அவற்றில் எழுதிய மதிப்புக்களைக்கொண்டே காட்டுதல் வேண்டும் என்பதும் அவர்தம் கொள்கையின் சாரம். இதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு மாணவர் நாற்பது சீட்டுக்களை ஏற்றுள்ளார் எனக் கொள்க. அவர் பெயரைச் சீட்டுதோறும் எழுதுவோமாயின் நாற்பது முறை எழுதவேண்டும். அப்பெயரிற் பிழை காணின் நாற்பதிடத்தில் திருத்தவேண்டும். ஓரிடம் விட்டுப்போமாயின் ஒருவரே இருவராகத் தோன்றுவர். ஆதலின் பெயர், பயனர் அட்டவணையில் ஒருமுறையே எழுதப்பட்டு ஓர் எண் பெறுகின்றது. சீட்டு அட்டவணையில் அவ்வெண் மட்டும் குறிக்கப்படுகின்றது. திட்டத்தின் பெயரும், சீட்டின் நிலையும் அங்ஙனமே எண்களாற் சுட்டப்படுகின்றன.

சீட்டில் அவ்வப்போது நேரும் மாறுதல்களுக்கெனத் தனி அட்டவணைகள் உள. மாற்றியவர் யார், மாற்றிய காலம் எது, முன்னிருந்த மதிப்பு யாது, பின் வந்த மதிப்பு யாது என்னும் நான்கும் அவற்றில் ஏறிவிடுகின்றன. ஆதலின் ஒரு வேலை முடிந்ததென்று குறித்தவர் யாவர் என்று குழுவினர் தம்முள் வழக்காடுதற்கு இடமில்லை. ஆண்டிறுதியில் ஆசிரியர் ஒருவர் ஒரு குழுவின் உழைப்பை மதிப்பிடுங்கால், இவ்வட்டவணைகளே நடுநிலை தவறாத சாட்சிகளாகும்.

தரவுத்தளத்தின் மற்றொரு பெருமையையும் இங்கே கூறுதல் தகும். ஒரு சீட்டின் நிலையை மாற்றும்பொழுது, சீட்டு அட்டவணையில் ஒரு மாறுதலும், வரலாற்று அட்டவணைகளிற் புதிய வரிகளும் ஏறுதல் வேண்டும். முன்னது எழுதப்பட்டுப் பின்னது எழுதப்படுமுன் மின்சாரம் நின்றுவிடின் என்னாகும்? நல்ல தரவுத்தளமாயின் அரைகுறையாக ஒன்றும் நில்லாது. இரண்டும் நிகழும், அன்றேல் இரண்டும் நிகழா. இதன் பொருட்டே அது, தான் செய்யப்போகும் மாறுதலை முதலில் ஒரு நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு, அதன் பின்னரே அட்டவணைக் கோப்புக்களைத் தொடுகின்றது. மின்சாரம் மீண்டபின் அக்குறிப்பைப் படித்துத் தன்னைச் செப்பஞ்செய்துகொள்கின்றது. மின்தடை அறியாத சோதனைச்சாலை அரிதாகலின், இக்குணம் நமக்கு எத்துணை வேண்டப்படுவது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தரவுத்தள மென்பொருள்கள் பல உள. ரெட்மைனோடு இயைந்து வழங்குவனவற்றுள் மூன்றை மட்டும் இங்கே நோக்குவோம். எஸ்கியூலைட் என்பது ரிச்சர்டு ஹிப் என்பவரால் 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தரவுத்தளம் முழுவதையும் ஒரே கோப்பில் அடக்கிவிடுவது. தனிச் சர்வர் யாதும் வேண்டாதது. ஒருவர் தம் கணினியில் வைத்துப் பழகுதற்கு இதனினும் எளியது வேறில்லை. ஆனால் ஒரு காலத்தில் ஒருவரே இதில் எழுதலாம். மற்றவர் காத்திருத்தல் வேண்டும். பல குழுக்கள் ஒரே வேளையில் எழுதும் இடத்திற்கு இது பொருந்தாது. மைஎஸ்கியூஎல் என்பது ஸ்வீடன் தேசத்திற் பிறந்து 1995-இல் வெளிவந்தது. பலர் ஒருங்கே எழுதும் வன்மையுடையது. போஸ்ட்கிரெஸ் என்பது மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் 1986-இல் தொடங்கிய ஆராய்ச்சியின் வழிவந்தது. 1996-இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயர் பெற்றது. பின்னைய இரண்டில் எதனைக் கொள்ளினும் குறையில்லை. எங்கள் துறை மாணவர் வகுப்பிற் பயில்வது போஸ்ட்கிரெஸாகலின் யாம் அதனையே கொண்டோம். பழுது நேருங்கால் அறிந்தார் பலர் அருகிலிருத்தல் ஒரு கருவியைத் தேர்தற்குப் போதிய காரணமாகும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

தரவுத்தளத்தைத் தோற்றுவிக்கும்பொழுதே தீர்மானிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு, அஃதாவது எழுத்துக்குறியீடு. தமிழில் எழுதுவோர் இதனிற் சிறிதும் அசட்டையாக இருத்தல் கூடாது. கணினி எழுத்துக்களை எண்களாக மாற்றியே வைக்கின்றது. யூனிகோடு என்னும் உலகப் பொது அட்டவணையில் தமிழ் எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் இடம் உண்டு. அவ்வெண்களை பைட்டுக்களாக எழுதும் முறைகளுள் யூடிஎஃப்-8 என்பது இப்பொழுது பெருவழக்காக உள்ளது. அம்முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டும், நாம் இக்காலத்தில் எழுதும் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டும் செல்லும். ‘தமிழ்’ என்னும் சொல்லைப் பார்க்க. நம் கண்ணுக்கு அது மூன்றெழுத்து. கணினிக்கோ தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். ஆகவே பதினைந்து பைட்டுக்கள்.

இதனை அறியாது, மேனாட்டெழுத்துக்களுக்கு மட்டும் உரிய பழைய குறியீட்டில் தரவுத்தளத்தை அமைத்துவிடின், தமிழில் எழுதிய தலைப்புக்கள் வெறும் வினாக்குறிகளாக மாறி நிற்றலும் உண்டு. வினாக்குறியாக எழுதப்பட்டபின் மூல எழுத்தை மீட்டல் இயலாது. மைஎஸ்கியூஎல் கொள்வோர்க்கு மற்றுமோர் எச்சரிக்கை. அதில் யூடிஎஃப்-8 என்னும் பெயராலேயே நெடுங்காலம் வழங்கிய குறியீடு, குறியொன்றுக்கு மூன்று பைட்டு வரையே கொள்ளும். நான்கு பைட்டு கொள்ளும் முழுக்குறியீடு 2010-இல் யூடிஎஃப்8எம்பி4 என்னும் வேறு பெயரால் வந்தது. தமிழுக்கு மூன்று பைட்டே போதுமே என்பாரும் உளர். ஆனால் முந்திரி, காணி, மா முதலிய நம் பழைய கீழ்வாயிலக்கக் குறிகள் 2019-இல் வந்த யூனிகோடின் 12-ஆம் பதிப்பில் இடம்பெற்றன; அவை ஒவ்வொன்றுக்கும் நான்கு பைட்டு வேண்டும். பழைய கணக்கேடுகளைப் படித்தறியும் மென்பொருள் ஒன்றை ஒரு குழுவினர் இயற்றப் புகின், அவர்தம் பணிச்சீட்டில் அக்குறிகளை எழுதவும் நேரும். ஆகவே விரிந்த குறியீட்டையே முதலிற் கொள்க. போஸ்ட்கிரெஸில் ஒரு தரவுத்தளத்தின் குறியீடு அது தோன்றும்பொழுதே நிலைத்துவிடும். பின்னர் மாற்றவேண்டின் உள்ளவற்றையெல்லாம் வெளியே எடுத்து, புதிய தளம் அமைத்து, மீண்டும் உள்ளே இடுதல் வேண்டும்.

அடுத்தது உரிமையைப் பற்றியது. தரவுத்தளச் சர்வருக்குத் தலைமைப் பயனர் ஒருவர் உண்டு. அவர் செய்யக்கூடாதது ஒன்றுமில்லை. சோம்பல் காரணமாக அவர் பெயரையே ரெட்மைனுக்குக் கொடுத்துவிடுதல் சிலர் வழக்கம். இஃது அட்டைப்பெட்டியைப் பார்க்க வந்தவரிடம் கலாசாலையின் சாவிகளையெல்லாம் ஒப்படைப்பது போலாம். ரெட்மைனுக்கெனத் தனிப் பயனர் ஒருவரைத் தோற்றுவித்து, ரெட்மைனுக்கெனத் தனித் தரவுத்தளம் ஒன்றையும் தோற்றுவித்து, அத்தளத்தின்மீது மட்டும் அப்பயனர்க்கு உரிமை வழங்குக. ரெட்மைனும் தரவுத்தளமும் ஒரே கணினியில் இருப்பின், தரவுத்தளம் வெளியிலிருந்து வரும் அழைப்புக்குச் செவிசாயாதவாறு வைத்தலே நன்று.

இவ்விரண்டையும் செய்தபின், தளம் எங்குள்ளது என்பதை ரெட்மைனுக்கு அறிவித்தல் வேண்டும். ரெட்மைனின் அமைப்புக் கோப்புறையில் இதற்கென மாதிரிக் கோப்பு ஒன்றுளது. அதனைப் படியெடுத்து, தரவுத்தளத்தின் வகை, பெயர், இருக்கும் கணினி, பயனர் பெயர், கடவுச்சொல், எழுத்துக்குறியீடு ஆகியவற்றை வரிக்கொன்றாக நிரப்புக. வரிகளின் முன்னே விடும் இடைவெளியும் பொருளுடையது. தாவற்குறியால் இடம் விடுதல் கூடாது. ஓரிடம் பிறழினும் கருவி எழும்பாது. எங்கள் மாணவர் ஒருவர் ஒரு மாலைப்பொழுது முழுவதும் கடவுச்சொல்லையே ஐயுற்றிருந்தார். முடிவிற் கண்ட குற்றம் ஒரு தாவற்குறியே. இக்கோப்பிற் கடவுச்சொல் மறைவின்றி எழுதப்பட்டிருத்தலின், கருவியை நடத்தும் கணக்குத் தவிரப் பிறர் இதனைப் படிக்கவொண்ணாதபடி அனுமதிகளைத் திருத்திவைத்தல் இன்றியமையாதது.

இதுகாறும் தளம் வெற்றிடமாகவே இருக்கின்றது. அதில் அட்டவணைகளை நாமே ஒவ்வொன்றாக வகுக்க வேண்டுவதில்லை. ரெட்மைனை இயற்றியோர் அதன் வளர்ச்சியில் நேர்ந்த ஒவ்வொரு மாறுதலையும் மைக்ரேஷன் என்னும் சிறு நிரலாக வரிசைப்படுத்தி வைத்துள்ளனர். ஒரு கட்டளை இட்டால் அவை முதலிலிருந்து முறையே நடந்து அட்டவணைகளைத் தோற்றுவிக்கும். எவை நடந்தேறின என்பதும் ஓர் அட்டவணையிற் பதிவாகும். பின்னொருகாற் புதிய பதிப்புக்கு மாறுங்கால் அதே கட்டளை, நடந்தவற்றை விடுத்து, எஞ்சியவற்றை மட்டும் நடத்தும். இதன் பின்னர் வேலைவகை, நிலை, பொறுப்பு முதலியவற்றின் தொடக்க மதிப்புக்களை மற்றொரு கட்டளையால் ஏற்றலாம். முதல் நிர்வாகியின் பெயரும் கடவுச்சொல்லும் உலகறிந்த ஒரே சொல்லாக இருத்தலின், உள்ளே புகுந்தவுடன் முதற் காரியமாக அதனை மாற்றிவிடுக.

இனி அலமாரியைப் பற்றிக் கூறுவோம். சீட்டுடன் இணைக்கும் கோப்பு தரவுத்தளத்துட் செல்வதில்லை. ரெட்மைனின் கோப்புறைக்குள்ளே இதற்கெனவுள்ள உட்கோப்புறையில், ஆண்டும் மாதமுமாகப் பிரித்த அடுக்குகளில் அது வைக்கப்படுகின்றது. தரவுத்தளத்தில் ஏறுவன அக்கோப்பின் பெயர், அளவு, இணைத்தவர், வட்டில் அது பெற்ற பெயர், ஷா-256 என்னும் கணக்கால் வந்த அதன் அடையாள எண் ஆகிய இவையே. கோப்பில் ஓரெழுத்து மாறினும் அவ்வடையாளம் முற்றும் மாறிவிடும். ஆதலின் கோப்புப் பழுதுபட்டதா என்று சோதித்தற்கு அது பெரிதும் பிரயோஜனமாகும். முதலமைப்பில் ஒரு கோப்பு 5 மெகாபைட்டுக்கு மேற்படலாகாது. நிர்வாகி இவ்வெல்லையை உயர்த்தலாம். இக்கோப்புறையை ரெட்மைனுக்குப் புறத்தே வேறிடத்தில் வைக்குமாறும் அமைத்துக்கொள்ளலாம். அங்ஙனம் வைப்பின், புதிய பதிப்பை நிறுவுங்காற் பழைய நிரலோடு கோப்புக்களும் அழிந்துபோம் அபாயம் நீங்கும்.

எங்களுக்கு நேர்ந்ததை இனிக் கூறுவோம். கருவியை அமைத்த முதலாண்டில், இரவுதோறும் தரவுத்தளத்தின் காப்புப்படி ஒன்று தானே எடுக்கப்பட்டு வேறொரு கணினிக்குச் செல்லுமாறு ஒழுங்கு செய்திருந்தோம். அது குறித்துச் சிறிது பெருமையும் எங்களுக்கு உண்டு. இரண்டாம் பருவத்தின் நடுவே ஒருநாள் சர்வரின் வட்டுப் பழுதுபட்டது. யாம் கலங்கவில்லை. புதிய வட்டை இட்டு, ரெட்மைனை நிறுவி, முந்தின இரவின் படியை உள்ளே செலுத்தினோம். சீட்டுக்கள் யாவும் வந்தன, வரலாறும் வந்தது, இணைத்த கோப்புக்களின் பெயர்களும் சீட்டின் அடியில் வரிசையாக நின்றன. மாணவரை அழைத்துக் காட்டினோம். அவர்களுள் ஒருவர் தம் குழுவின் வரைபடத்தைத் திறக்க விரும்பிப் பெயரைத் தொட்டார். அப்படி ஒன்றில்லை என்று திரை கூறிற்று. அடுத்ததைத் தொட்டார், அதுவும் இல்லை. அட்டைப்பெட்டியை ஓரட்டை குறையாமற் காத்த யாம் அலமாரியை நினைத்திலோம்.

சில குழுவினர் தம் சொந்தக் கணினிகளில் வைத்திருந்த படிகளைத் தேடிக் கொணர்ந்தனர். வேறு சிலர் வரைபடங்களைத் திரும்பவும் வரைந்தனர். ஒரு குழுவினரோ, பருவ முழுவதும் செய்த சோதனைகளின் அளவீடுகளைப் பேரேட்டில் இருக்கின்றதென்று நம்பி வேறெங்கும் வைத்திலர். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் அவர்கள் இரவும் பகலும் சோதனைச்சாலையிலிருந்து அவ்வளவீடுகளை மீண்டும் எடுத்தனர். எங்களை அவர்கள் ஒரு சொல்லும் கடிந்திலர். அதுவே எங்களுக்கு மிக்க வருத்தந்தந்தது. பிழை கருவியினுடையதன்று; மாணவருடையதுமன்று; காப்போம் என்று ஏற்றுக்கொண்ட எங்களுடையது.

மறுதலையாக, அலமாரி பிழைத்து அட்டைப்பெட்டி அழிந்திருப்பின் நன்றாயிருந்திருக்குமோ எனின், அதுவும் இல்லை. வட்டில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் அது வந்த நாளும் நேரமும் காட்டும் பன்னிரண்டு இலக்கங்களோடு தொடங்கும். மூலப்பெயர் ஆங்கில எழுத்துக்களாலும் எண்களாலும் அமைந்து ஐம்பது எழுத்துக்கு மேற்படாதாயின் அப்பெயர் பின்னே தொடரும். தமிழிற் பெயரிட்ட கோப்பாயின் அப்பெயர் நில்லாது. பொருள் விளங்காத எழுத்தும் எண்ணும் கலந்த கோவை ஒன்றே நிற்கும். தரவுத்தளம் இல்லையேல், எது எவருடையது, எந்தச் சீட்டைச் சார்ந்தது என்று அறியும் வழி இல்லை. ஆகவே இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே பொருளுடையனவாகின்றன. இவற்றோடு சாவிக்கொத்தையும் சேர்க்க. ரெட்மைனிற் சேமித்த சில கடவுச்சொற்களை மறையீடு செய்துவைக்கும் வசதி ஒன்றுண்டு. அதற்குரிய திறவு அமைப்புக் கோப்பில் உள்ளது. அது போய்விடின் அச்சொற்களைப் படித்தல் இயலாது.

இப்பொழுது யாம் கைக்கொள்ளும் முறை இது. தரவுத்தளம் நடந்துகொண்டிருக்கும்பொழுது அதன் கோப்புக்களை அப்படியே படியெடுத்தல் கூடாது. எழுதிக்கொண்டிருக்கும் பக்கம் பாதியாகப் படியும். அதற்கெனவுள்ள படியெடுக்குங் கருவியே, பலர் எழுதிக்கொண்டிருப்பினும், ஒரு கணத்தின் நிலையை முரணின்றி எடுத்துத்தரும். முதலில் அக்கருவியாற் தளத்தைப் படியெடுக்கின்றோம். அதன்பின் இணைப்புக் கோப்புறையைப் படியெடுக்கின்றோம். இம்முறைவைப்புக்குக் காரணம் உண்டு. இடையிற் புதுக்கோப்பு ஒன்று வந்து சேரின், அலமாரியில் ஒரு நூல் மிகுதியாக இருக்கும், அதனாற் கேடில்லை. முறையை மாற்றிச் செய்யின், அட்டை இருந்தும் நூல் இல்லாத நிலை வரக்கூடும். மூன்றாவதாக அமைப்புக் கோப்புக்களையும் சேர்த்து, மூன்றையும் ஒரே நாளின் பெயரால் ஒன்றாகக் கட்டி, ஒரு படியை அருகிலுள்ள வேறு கணினியிலும், மற்றொரு படியைக் கலாசாலையின் வேறொரு கட்டடத்திலும் வைக்கின்றோம்.

இவ்வளவு செய்தால் அமையுமோ எனின், அமையாது. எம்மினும் பன்மடங்கு வல்லவர்க்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். கிட்லேப் என்பது மென்பொருள் இயற்றுவோர்க்கு நிரற்களஞ்சியமும் பணிச்சீட்டும் ஒருங்கே வழங்கும் பெரிய நிறுவனம். அதன் தரவுத்தளமும் போஸ்ட்கிரெஸே. 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு, துணைச் சர்வரைச் செப்பஞ்செய்துகொண்டிருந்த பொறியாளர் ஒருவர், அதன் பழைய தரவை நீக்குவதாக எண்ணி, தலைமைச் சர்வரில் அழிக்குங் கட்டளையை இட்டுவிட்டார். ஓரிரு வினாடியிற் பிழையை உணர்ந்து நிறுத்தியும், ஏறக்குறைய 300 ஜிகாபைட் தரவு போய்விட்டது. அவர்களிடம் காப்புப்படிகள் இல்லாமலில்லை. பலவகைப்பட்ட ஏற்பாடுகள் இருந்தன. ஆனால் நாடோறும் படியெடுக்குங் கருவி 9.2-ஆம் பதிப்பாகவும், தரவுத்தளம் 9.6-ஆம் பதிப்பாகவும் இருந்தமையால் படியெடுத்தல் நெடுநாளாகவே நடக்கவில்லை. நடக்கவில்லையென்று அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவர்க்குச் சேராது தள்ளப்பட்டிருந்தன.

சோதனைக்காக வேறொரு காரணம்பற்றி அந்நாளில் ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்த ஒரு படியே முடிவில் அவர்களைக் காத்தது. நிரற்களஞ்சியங்கள் அழியவில்லையெனினும், அவ்வாறு மணி நேரத்திற் பிறர் எழுதிய சீட்டுக்களும் கருத்துக்களும் புதிய கணக்குக்களும் மீளவில்லை. கிட்லேப் நிறுவனத்தார் இதனை மறைத்திலர். நிகழ்ந்தவாறே முழுதும் எழுதி உலகறிய வெளியிட்டனர். அவ்வறிக்கையால் மற்றையோர் பெற்ற நன்மை சிறிதன்று.

இதனால் யாம் அறிந்தது யாதெனில், காப்புப்படி எடுத்தல் வேறு, அதிலிருந்து மீட்டல் வேறு என்பதே. மீட்டுப் பார்க்கப்படாத படி, ஏட்டுச் சுரைக்காய் போன்றது, கறிக்கு உதவாது. ஆகவே மாதந்தோறும் முதற் சனிக்கிழமை, ஒதுக்கிவைத்த பழைய கணினி ஒன்றில், முந்திய இரவின் படியைக்கொண்டு ரெட்மைனை முழுதும் எழுப்பிப் பார்க்கின்றோம். இதனை மாணவரே முறைவைத்துச் செய்கின்றனர். சீட்டுக்களின் தொகை சரியாக உள்ளதா, தமிழ் எழுத்துக்கள் சிதையாது நிற்கின்றனவா, கடைசியாக இணைத்த கோப்புத் திறக்கின்றதா, அதன் அடையாள எண் தளத்திலுள்ளதோடு ஒக்கின்றதா என்னும் நான்கையும் பார்த்து, எடுத்த நேரத்தோடு ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுகின்றனர். இருமுறை குறை கண்டோம். இரண்டும் இழப்பின்றித் திருத்தப்பட்டன. இறுதியாண்டு முடித்துச் செல்வோர் அடுத்த ஆண்டினர் ஒருவரை உடன்வைத்துச் செய்துகாட்டிய பின்னரே விடைபெறுதல் எங்கள் துறையில் வழக்கமாகிவிட்டது.

மாணவ நண்பர்காள்! நீவிர் பலரும் இங்கிருந்து சென்று, இதனினும் பெரிய பேரேடுகளைக் காக்கும் பொறுப்பை ஏற்பீர்கள். தரவுத்தளம் அமைத்தல் அரிய வித்தையன்று. பொறுமையுடையார் எவரும் அரைநாளிற் செய்து முடிக்கலாம். அதில் எழுதுவோர் தம் உழைப்பையே உங்கள் கையில் ஒப்படைக்கின்றனர். அது பத்திரமாக இருக்கின்றதா என்று அவர்கள் ஒருகாலும் வந்து கேட்கமாட்டார்கள். கேளாத அக்கேள்விக்கு நீவிரே மாதந்தோறும் விடைகண்டு வைத்தல் வேண்டும். அளவீடுகளை இழந்த அக்குழுவினர் மீண்டும் எடுத்தவற்றின் அச்சுப்படி ஒன்று எங்கள் சோதனைச்சாலை அலமாரியில் இன்றும் இருக்கின்றது. மீட்டுப் பார்க்கும் முறைக்கு வரும் மாணவர்க்கு யாம் முதலில் அதனை எடுத்துக் காட்டுகின்றோம். அதன் பின்னரே கட்டளைகளைக் கற்பிக்கின்றோம்.